அதே நெபுலா, அடுத்த தை

கே: வானத்தில் எத்தனையோ இருக்க, வருடம் தவறாமல் ஓரியன் நெபுலாவையே படமெடுக்கிறீர்களே, அலுக்கவில்லையா?

ப: பிள்ளையின் உயரத்தைக் கதவு நிலையில் கோடு போட்டு அளக்கிறோம். நிலை அசையாததால்தான் பிள்ளை வளர்ந்தது தெரிகிறது. சுமார் 1,300 ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஓரியன் நெபுலாதான் என் கதவு நிலை.

கே: உங்களுக்கு முன்னோடி யாராவது உண்டா?

ப: ஹென்றி டிரேப்பர்! மருத்துவம் படித்தவர், வானியல் அவருடைய ஆசை. நியூயார்க்கை அடுத்த ஹேஸ்டிங்ஸில் 1880 செப்டம்பர் 30 இரவு, தகட்டை 51 நிமிடம் திறந்து வைத்து இந்த நெபுலாவைப் பிடித்தார். உலகத்தின் முதல் நெபுலா புகைப்படம் அதுதான். அதோடு விட்டாரா? 1882 மார்ச்சில் அதே நெபுலாவுக்குத் திரும்பி வந்து 137 நிமிடம் காத்திருந்தார். முதல் படத்தில் நடுப்பகுதி மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. இரண்டாவதில் மேகம் எங்கெங்கோ விரிந்தது. அந்த நவம்பரிலேயே, 45 வயதில், இறந்துவிட்டார். மூன்றாவது முறை வந்திருந்தால் என்னென்ன பிடித்திருப்பாரோ என்று ஒவ்வொரு தையிலும் நினைத்துக்கொள்கிறேன்.

கே: அரை மணி நேரம் எடுத்த படம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. ஒரு மணி நேரம் எடுத்தால் இரு மடங்கு தெளியுமா?

ப: இரண்டு மணி நேரம் வேண்டும். நேரம் நாலு மடங்கானால்தான் தெளிவு இரண்டு மடங்கு.

கே: நடுப்பகுதி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடுகிறதே?

ப: அந்தத் திட்டுக்குள் டிரப்பீசியம் என்ற நாலு இளம் விண்மீன்கள் இருக்கின்றன. சில விநாடிப் படங்களைத் தனியாக எடுத்து, நீண்ட படங்களோடு சேருங்கள். நாலையும் எண்ண முடிந்த வருடம் எனக்குப் பெரிய வருடம்.

கே: புதுக் கேமரா வாங்கலாமா?

ப: முதலில் பழைய ரா ஃபைல்களைத் திறந்து, மறுபடி ஸ்டாக் செய்யுங்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேருங்கள். போன பொங்கல் விடுமுறையில் நான் செய்தேன். வெறும் இருட்டு என்று முன்பு கறுப்பாக்கிவிட்ட இடத்தில் மெல்லிய தூசி மேகம் இருந்தது. கேமரா அன்றே பிடித்துத் தந்திருக்கிறது. அதைப் பார்க்கும் கண் எனக்குப் பிறகுதான் வந்தது.

கே: நம் ஊரில் எப்போது எடுக்கலாம்?

ப: மழை ஓய்ந்தபின், தை அமாவாசையை ஒட்டி, இரவு பத்து மணி வாக்கில். லண்டனில் 33 டிகிரிக்கு மேல் ஏறாத நெபுலா, மதுரையில் 75 டிகிரி வரை ஏறிவிடும். அந்த உயரத்தில் குறுக்கே நிற்கும் காற்று குறைவு. இரண்டு மணி நேரம் மாடி விளக்கை அணைத்து வைக்கும்படி பக்கத்து வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.