மேலிருந்து பார்த்த கூட்டம்

2020 ஏப்ரலில் தமிழ்நாடே விழுந்து விழுந்து சிரித்த வீடியோ ஒன்று உண்டு. திருப்பூர் போலீஸ் பறக்கவிட்ட டிரோன், ஊரடங்கில் கூடிக் கேரம் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களைக் கண்டுபிடிக்கிறது. தலைக்கு மேல் ரீங்காரம் கேட்டதும் பையன்கள் தெறித்து ஓடுகிறார்கள். டிரோன் விடுவதாக இல்லை. வெட்டவெளியில் துரத்திக்கொண்டே போகிறது. ஓடி ஓடி மூச்சு வாங்கிய ஒருவர், கடைசியில் கேரம்போர்டையே தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு அதன் அடியில் சுருண்டு உட்கார்ந்துவிடுகிறார். நகைச்சுவைப் பின்னணியோடு அது வாட்ஸ்அப் வாட்ஸ்அப்பாகச் சுற்றியது.

வடசென்னையில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு, வயிறு கலங்கியவர்களும் உண்டு. சந்துக்கு ஒரு கேரம் போர்டு கிடக்கும் பகுதி இது. வியாசர்பாடி இளவழகி அப்படியொரு போர்டிலிருந்து எழுந்து போய்த்தான் 2008-இல் உலகச் சாம்பியன் ஆனார். நாலு பேர் ஆட, எட்டுப் பேர் குனிந்து பார்க்க, பதின்மூன்றாவது ஆள் "சிவப்பை விடாதே" என்று கத்த வேண்டும். அதற்குப் பெயர்தான் கேரம். பார்க்க ஆளில்லாத கேரம், மரப்பலகையில் காய் அடுக்குகிற வேலை. ஆனால் அந்த எட்டுப் பேரும் தொற்று பரப்புகிறவர்கள் என்று அரசாங்கம் சொன்னது. சரி, ஒத்துக்கொண்டோம். நோய் அப்படிப்பட்டது. போர்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தோம்.

ஜூன் வந்தது. சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களையும் தினமும் மாலையில் வரிசைப்படுத்தினார்கள். ராயபுரம் முதலிடம். தண்டையார்பேட்டை விடாமல் துரத்தியது. தொலைக்காட்சிக்காரர்கள் அதை லீக் ஆட்டத்தின் புள்ளிப் பட்டியல் போலவே வாசித்தார்கள்: "ராயபுரம் தொடர்ந்து முதலிடத்தில் நீடிக்கிறது." வாழ்நாளில் எந்தப் பட்டியலிலும் முதலிடம் கண்டிராத பகுதிக்குக் கிடைத்த பெருமை அது. தெருவுக்குத் தெரு தகரம் அடித்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், ஒரே கழிப்பறைக்கு நாலு குடும்பம், தெருமுனையில் தகரம். இதற்குள் ஆறடி இடைவெளி விட்டு வாழுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

செப்டம்பரில் விலைப்பட்டியலும் வந்தது. மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய். பொது இடத்தில் துப்பினால் 500. இடைவெளி விடாவிட்டால் இன்னொரு 500. எண்ணூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் நிலக்கரித் தூசிக்கும் நடுவில் அவர்களுக்கு எத்தனை வருஷமாக மாஸ்க் தேவைப்பட்டது என்று. அப்போது இலவசமாகக்கூட யாரும் ஒன்று கொண்டுவந்து தரவில்லை. காற்றில் கிருமி இருந்தால் மாட்டாதவருக்கு அபராதம். காற்றில் சாம்பல் இருந்தால் சுவாசிக்கிறவர் பாடு.

ஆனால் ஒரு விஷயத்தில் அரசாங்கம் பெரிய மனதோடு நடந்துகொண்டது. கூடி வேலை செய்ய எங்களைத் தடுக்கவே இல்லை. துறைமுகம் அத்தியாவசியம். சுத்திகரிப்பு ஆலை அத்தியாவசியம். மின் நிலையம் அத்தியாவசியம். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு எப்போதுமே இடைவெளி என்ற பழக்கம் கிடையாது. ஷிப்டு முடிந்து கேட்டை விட்டு வெளியே வரும் கூட்டத்தின் மேல் எந்த டிரோனும் பறக்கவில்லை. காசிமேடு மட்டும் விதிவிலக்கு. ஞாயிற்றுக்கிழமை கேமரா அங்கேதான் நிற்கும். மீன் வாங்க வந்தவர்கள் தலையெல்லாம் தெரிய, "சமூக இடைவெளி காற்றில் பறந்தது" என்று வாரம் தவறாமல் பின்னணிக் குரல் பதறும். விடிகாலையில் மீன் கூடையோடு நிற்கும் பெண்ணைத் திட்டுவது எளிது. அவளுக்குப் பதில் சொல்ல மைக் நீட்டுவதில்லை. (அந்த 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் நேரம் தாண்டிக் கடை திறந்து வைத்ததாகச் சொல்லிப் போலீஸ் அழைத்துப்போன தந்தையும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. ஊரடங்கை அமல்படுத்தக் காவல்துறைக்குக் கைவலிமை இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.)

இப்போது 2021 பிப்ரவரிக்கு வருவோம். 5-ஆம் தேதி சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் முதல் டெஸ்ட். கேலரி காலி. இந்தியா 227 ரன்னில் தோற்றது. எட்டே நாளில், 13-ஆம் தேதி, அதே மைதானத்தில் இரண்டாவது டெஸ்ட். பாதி இருக்கைகளுக்கு ஆள் விடலாம் என்று முடிவாகிவிட்டது. தோற்றதும் கிருமி இரக்கப்பட்டு விலகிப்போனது என்று சொல்ல மாட்டேன். அனுமதி முதலிலேயே வாங்கியாகிவிட்டது. ஆட்டக்காரர்கள் பந்தில் எச்சில் தொடக்கூடாது என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் முந்தைய ஆண்டே தடைபோட்டிருந்தது. கேலரியில் கத்துகிற ஆயிரக்கணக்கான வாய்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. விசில் பத்தவில்லை, இன்னும் அடியுங்கள் என்று கோலியே கையைக் காட்டினார். அடித்தார்கள். மாஸ்க்கைக் கீழே இறக்காமல் விசிலடிக்கும் வித்தை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

14-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிரதமர் சென்னைக்கு வந்தார். வருகிற வழியில் வானத்திலிருந்து சேப்பாக்கம் தெரிந்தது. பச்சை வட்டத்தைச் சுற்றி ஜனம். சுவாரசியமான டெஸ்ட் போட்டி ஒன்று கண்ணில் பட்டது என்று ட்விட்டரில் படத்தோடு போட்டார். நல்ல படம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. திருப்பூரில் ஆகாயத்திலிருந்து நாலு பேரைப் பார்த்தபோது அது குற்றம். சேப்பாக்கத்தில் ஆகாயத்திலிருந்து ஆயிரக்கணக்கானோரைப் பார்த்தபோது அது சுவாரசியம். அன்றைக்கு யாரும் தலைமேல் கேரம்போர்டைக் கவிழ்த்துக்கொள்ளத் தேவைப்படவில்லை.

அன்று அவர் எதற்கு வந்தார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் மெட்ரோ ரயிலைத் தொடங்கிவைக்க. 3,770 கோடி ரூபாய் திட்டம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஜனங்களுக்கான ரயில். விழா நடந்த இடம், பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கம். நாலு பக்கமும் மூடிய அரங்கம். வெட்டவெளியைவிட மூடிய இடத்தில்தான் இந்த நோய் வேகமாகப் பரவும் என்று அதற்குள் உலகமே சொல்லி முடித்திருந்தது. அந்த அரங்கத்தில் விழாவுக்கு ஆள் உட்காரலாம். தண்டையார்பேட்டையில் மாநகராட்சி மைதானத்துச் சுவர்மேல் உட்கார்ந்து காலாட்டியபடி ஃபுட்பால் பார்க்கிறவன் இறங்க வேண்டும்.

அந்தப் புதிய பாதையில் ஒரு நிலையத்தின் பெயர் சர் தியாகராயா கல்லூரி. எனவே கல்லூரிப் பிள்ளைகளின் கதையையும் சொல்லிவிடலாம். 2020 மார்ச்சில் மூடிய கல்லூரிகளை இறுதியாண்டுக்கு மட்டும் டிசம்பரில் திறந்து, மற்ற ஆண்டுகளுக்குத் திறந்தது 2021 பிப்ரவரி 8-ஆம் தேதி. சேப்பாக்கம் கேலரிக்கு ஐந்தே நாள் முன்னால். வாசலில் வெப்பமானி, கையில் சானிடைசர், பெஞ்சுக்கு இத்தனை பேர் என்று கணக்கு. மைதானம் மட்டும் பூட்டு. மார்ச் 23-ஆம் தேதி வகுப்பறைக்கும் திரும்பப் பூட்டு.

கல்லூரி மேட்ச் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு கேலரி என்று ஒன்று கிடையாது. கோட்டுக்கு வெளியே ஒரு வரிசை நிற்கும், அதுதான் கேலரி. கபடியில் பாடிப்போனவன் பிடிபட்டால் அந்த வரிசையே உள்ளே சாய்ந்துவிடும். நடுவர் விசிலை ஊதி ஊதித் தள்ளுவார். வகுப்பைக் கட் அடித்து வந்தவன், எதிர்க் கல்லூரிக்காரனோடு பஸ் ரூட்டில் பழைய பாக்கி உள்ளவன், ஆடுகிறவனின் தங்கை, ஓரமாக நிற்கும் டீக்கடைக்காரர். இந்தப் பார்வையாளர்களுக்கு அரசாங்கம் மாற்று ஏற்பாடு செய்யவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். ஜனவரியில் அன்றைய முதல்வர் பழனிசாமி அறிவித்தார், கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசம், ஏப்ரல் வரைக்கும். ஆன்லைன் வகுப்புக்கு என்றார்கள். கிரிக்கெட் பார்க்கவும் போதும். உனக்கு மைதானம் கிடையாது, செல்போன் உண்டு. ஆட வேண்டாம், பார். முந்தைய ஆகஸ்டில் அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள் எல்லாம் பாஸ் என்று அறிவித்து, முதல்வரை மாணவர்களின் அரசனாக்கிச் சுவரொட்டி ஒட்டியதும் இதே கணக்குதான். எழுதாத தேர்வில் பாஸ், ஆடாத ஆட்டத்துக்கு ரசிகன். ஆனால் கட்டண ரசீதில் விளையாட்டுக் கட்டணம் என்ற வரியை அழிக்க மட்டும் பல தனியார் நிர்வாகங்களுக்கு மனமே வரவில்லை.

கல்லூரிக் கபடிக்கு ஏன் 50 சதவீதம் கொடுக்கவில்லை? கொடுத்தால் யாருக்கு என்ன கிடைக்கும்? ஒளிபரப்பு உரிமை இல்லை, சட்டையில் விளம்பரம் இல்லை, பொங்கல் ரிலீஸ் இல்லை. பொங்கல் ரிலீஸ் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2021 ஜனவரி 4-ஆம் தேதி திரையரங்குகளில் நூற்றுக்கு நூறு ஆள் உட்காரலாம் என்று தமிழக அரசு ஆணை போட்டது. 'மாஸ்டர்' படம் வருகிற நேரம். மத்திய உள்துறை கடிதம் எழுதிய பிறகு, நாலே நாளில் 50-க்கு இறங்கியது. ஜல்லிக்கட்டுக்கும் 50. மார்ச்சில் அகமதாபாத்தில், பிரதமரின் பெயர் சூட்டப்பட்ட ஸ்டேடியத்தில் 60,000-க்கும் மேற்பட்டோர் உட்கார்ந்து டி20 பார்த்தார்கள். இரண்டு ஆட்டம் ஆனதும், தொற்று ஏறுகிறது என்று மீதி ஆட்டங்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். யாருக்குமே தெரியாத ரகசியம் அப்போதுதான் வெளிப்பட்டதுபோல.

ஒன்றும் ரகசியமில்லை. 2020 பிப்ரவரி 19-ஆம் தேதி இத்தாலியின் மிலான் மைதானத்தில் அடலாண்டா, வலென்சியா கால்பந்து அணிகள் ஆடின. பெர்காமோ ஊரிலிருந்து 40,000-க்கும் மேற்பட்டோர் பஸ் பிடித்து, ரயில் பிடித்து வந்து, நாலு கோலுக்கும் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். சில வாரங்களில் பெர்காமோவின் சவப்பெட்டிகளை ராணுவ லாரிகள் ஏற்றிப் போயின. அதைப் பார்த்த பிறகும் அமெரிக்காக்காரர்கள் தங்கள் கல்லூரி ஃபுட்பாலை விடவில்லை. 2021 ஜனவரியில் மயாமியில் அலபாமாவும் ஓஹையோ ஸ்டேட்டும் மோதிய இறுதி ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 15,000 பேரை உள்ளே விட்டார்கள். அங்கே கல்லூரி ஆட்டம் என்பது கோடிகளில் புரளும் வியாபாரம். ஆகவே அவர்களின் மாணவர்கள் ரசிகர்கள், எங்கள் மாணவர்கள் தொற்று. ஜெர்மனியில் காலி இருக்கைகளில் ரசிகர்களின் முகத்தை அட்டையில் வெட்டி வைத்தார்கள். அது ஒன்றுதான் நமக்கு லாயக்கான யோசனை. அட்டை ஆள் வெட்டுவதில் தமிழனை அடித்துக்கொள்ள ஆள் உண்டா? ஆனால் இங்கே கட்-அவுட் தலைவருக்கு மட்டும்தான். ரசிகன் ரத்தமும் சதையுமாக நேரில் வர வேண்டும்.

வந்தான். ஏப்ரல் 6-ஆம் தேதி தேர்தல். அதற்கு முந்தைய வாரங்களில் பிரியாணியும் பேட்டாவும் கொடுத்து லாரியில் ஏற்றிய கூட்டத்துக்கு எந்த சதவீதமும் கிடையாது, எந்தக் கட்சிக்கும் கிடையாது. 26-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, தேர்தல் ஆணையத்தின் மீது கொலை வழக்கே போடலாம் என்கிற அளவுக்குப் பேசினார். ஆணையம் மனம் புண்பட்டு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. செத்தவர்களின் வீட்டார் எங்கே ஓடினார்கள் என்று கேட்கக்கூடாது.

அந்த ஏப்ரலில் சேப்பாக்கத்தில் ஐபிஎல். 9-ஆம் தேதியிலிருந்து 25 வரை. இந்த முறை கேலரியில் ஒருவர்கூட இல்லை. பதிவு செய்து வைத்த ஆரவாரத்தைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டார்கள். வெளியே ஆம்புலன்ஸ் சைரன், உள்ளே டேப்பில் கைதட்டல். மே 4-ஆம் தேதி போட்டியை நிறுத்தினார்கள். ஊர் செத்துக்கொண்டிருக்கிறது என்பதற்காக அல்ல. ஆட்டக்காரர்களுக்குத் தொற்று வந்துவிட்டது என்பதற்காக. அன்றிரவுதான் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 13 பேர் இறந்தார்கள்.

அப்புறம் மே 15. நேரு விளையாட்டரங்கம் மறுபடி திறந்தது. மூன்று மாதத்துக்கு முன் எங்கள் மெட்ரோவுக்குக் கொடியசைத்த அதே வளாகம். இந்தத் தடவை ரெம்டெசிவிர் விற்பனைக்கு. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் கூட்டம் தாங்கவில்லை என்று இங்கே மாற்றியிருந்தார்கள். ஒரு நாளைக்கு 300 பேருக்குத்தான் மருந்து. முந்தின ராத்திரியே வந்து செருப்பைப் போட்டு இடம் பிடித்தவர்கள், தனியார் மருத்துவமனைச் சீட்டையும் ஆதார் நகலையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மார்போடு பிடித்திருந்தவர்கள், அப்பாவுக்கு மூச்சு இறங்குகிறது என்று போனில் கேட்டுக்கொண்டே வரிசையில் நகர்ந்தவர்கள். ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த மருந்தைப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்தைய நவம்பரிலேயே சொல்லியிருந்தது. அதை அந்த வரிசைக்கு ஆட்டோவில் மைக் கட்டி யாரும் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாளில், கூட்டம் கூடுகிறது என்று விற்பனையையும் நிறுத்தி, இனி மருத்துவமனைகளுக்கே நேரடியாகத் தருவோம் என்றார்கள். இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று வரிசையில் நின்ற ஒருவரும் கேட்கவில்லை. சீட்டைக் கவருக்குள் திரும்பச் சொருகிக்கொண்டு, அடுத்து எங்கே வரிசை போட்டிருக்கிறார்கள் என்றுதான் விசாரித்தார்கள்.