பாய்க்கலக் கருவித் தொகைவிரி

மாணாக்க, கேள். நெடுங்கடல் ஏகும் பாய்க்கலத்தில் ஏற்றத் தகும் கைக்கருவிகளை இந்நூல் வகுத்துரைக்கும். கரையில் கருவி இல்லையெனின் கடைக்குச் செல்லலாம். கடல்நடுவே கடை இன்மையின் இந்நூல் வேண்டப்பட்டது.

1. தொகை

கருவி ஐவகைப்படும்: திருகுவன, அறுப்பன, தைப்பன, அடைப்பன, வீழ்வன. முதல் நான்கும் தொழிலாற் பெயர் பெற்றன. ஐந்தாவது முடிவாற் பெயர் பெற்றது. சுத்தியல் எவ்வகைத்து எனின், முதல் நான்கிற்கும் துணையாய் வருதலின் அது பொதுக்கருவி எனப்படும்.

2. திருகுவன

இவை வாய்நிலைத்தன, வாய்நெகிழ்வன என இரண்டு. வாய்நிலைத்தன மில்லிமீட்டர் மரபின, விரல மரபின என மேலும் இரண்டாம். அமெரிக்காவில் கட்டிய கலத்தில் சப்பானியப் பொறி பொருத்தப்பெற்றவழி இவ்விரு மரபும் ஒரே கலத்தில் உறையும்.

விரலம் 25.4 மில்லிமீட்டர், எனவே அரைவிரலம் 12.7. அரைவிரல மரைத்தலைமேல் 13 மில்லிமீட்டர் வாய் ஏறும், பற்றாது; முடுக்கின் தலையின் முனைகள் மழுங்கும். 13 மில்லிமீட்டர் தலைமேல் அரைவிரல வாய் ஏறவே ஏறாது. முன்னதை ஏய்ப்பன என்றும் பின்னதை மறுப்பன என்றும் வழங்குக. மறுப்பனவே நல்லன, அவற்றால் தலை கெடுவதில்லை.

அலுமினியப் பாய்மரத்தில் இறக்கிய துருவேறா எஃகுத் திருகாணி, உப்புநீர் பட்டு மாழைகள் தம்முள் அரிப்புற்று இறுகிவிடும். இதற்குரியது அறைதிருப்பி. தலையில் சுத்தியலால் அறைந்தால் அவ்வறையையே திருப்பமாக மாற்றித் தரும் கருவி அது. மீகாமன் அறைகையில் எழுப்பும் சொற்கள் கருவியுள் அடங்கா.

3. அறுப்பன

கயிறறுப்பன, கம்பியறுப்பன என இரண்டு. கயிறறுக்கும் கத்திக்குப் பல்விளிம்பு சிறந்தது. அக்கத்தி கைக்கெட்டும் இடத்தில் நிற்க வேண்டும். பெட்டியின் அடியிற் கிடக்கும் கத்தி கத்தி எனப்படாது, சுமை எனப்படும்.

கம்பியறுப்பனவற்றின் இன்றியமையாமை பாய்மரம் முறிந்தபோது விளங்கும். முறிந்து நீரில் வீழ்ந்த மரத்தைக் கம்பிகள் கலத்தோடு பிணித்து நிற்கும். அலைதோறும் அது கலத்தின் பக்கத்தை இடித்துத் துளைக்கும். அறுத்துவிட நெடும்பிடிக் கம்பிவெட்டி வேண்டும். அதனொடு மாற்று அலகுகள் பல கொண்ட இரும்பறுவாளும் வேண்டும். கம்பி தடிக்கத் தடிக்க வெட்டியின் பிடியும் நீள வேண்டும். முளை கழற்றி விடுவிக்க இயலுமாயின் அறுத்தல் வேண்டா.

4. தைப்பன

முப்பட்டை முனையுடைய பாயூசி, தேன்மெழுகு பூசிய நூல், ஊசியின் அடியை உந்தும் குழிவுடைய தோலாலான உள்ளங்கைக் காப்பு, கயிற்றின் புரிகளைப் பிரிக்கும் புரிமுள் என நான்கு. உள்ளங்கைக் காப்பு வலக்கையது, இடக்கையது என இருபாற்படும். இடக்கையாளர் வலக்கையதனை வாங்கி வருதல் குற்றம்.

5. அடைப்பன

கலத்தின் உடலில் நீர் புகவும் போகவும் அமைத்த துளைதோறும் ஒரு கூம்புக்கட்டை கட்டித் தொங்கவிடுக. அது மென்மரத்தால் ஆதல் வேண்டும். நீரில் ஊறிப் பருத்து இறுகுதல் மென்மரத்தின் இயல்பு. வாளி அடைப்பதன்று எனினும், அடைபடும்வரை உழைத்தலின் இவ்வகையுள் வைக்கப்பட்டது.

தடை: சிற்றாணி எவ்வகைத்து?

விடை: இடம் நோக்கி வகை பெறும். 1968இல் தனியராய் இடைநில்லாது உலகைச் சுற்றப் புறப்பட்டு, 1969 ஏப்பிரல் 22இல் மீண்டவர் இராபின் நாக்சு-சான்சுடன். மும்பையிற் கட்டிய அவருடைய ‘சுகைலி’ வழியில் ஒழுகியது. அவர் நீர்மூழ்கிச் செம்பாணிகளால் துணிப்பட்டையை அறைந்து ஒழுக்கை நிறுத்தினார். ஆண்டு ஆணி அடைப்பது.

1895 முதல் 1898 வரை ‘இசுப்பிரே’ என்னும் கலத்தில் முதன்முதல் தனியே உலகைச் சுற்றியவர் யோசுவா சுலோக்கம். அவர் 1896இல், தென்னமெரிக்காவின் தென்கோடியில், இரவில் உறங்குமுன் மேல்தட்டெங்கும் விரிப்பாணிகளைத் தூவி வைத்தார். வெறுங்காலுடன் ஏறியோர் அலறி நீரிற் குதித்தனர். ஈண்டு ஆணி காலைத் தைத்தமையின் தைப்பனவற்றுள் அடங்கும் என்க.

6. வீழ்வன

இவை மூன்று: ஒலித்து வீழ்வன, ஒலியாது வீழ்வன, கைமாறுகையில் வீழ்வன. ஒலித்து வீழ்வன மேல்தட்டில் ஒருமுறை தட்டிப் பின் நீரிற் புகும். கயிறிறுக்கும் உருளையின் கைப்பிடி இதற்குச் சான்று. ஒலியாது வீழ்வன அடுத்த தேவையின்போதே அறியப்படும். கைமாறுகையில் வீழ்வனவற்றை இருவருள் யார் விட்டார் என்பது கலம் துறை சேரும்வரை முடிவுறாது.

துறையின் ஆழமற்ற நீராயின் கயிற்றிற் கட்டிய காந்தத்தால் மீட்கலாம். எஃகுக் குறடு ஏறும். பித்தளையும் அலுமினியமும் கலத்தில் வழங்கும் துருவேறா எஃகின் பெரும்பகுதியும் ஏறா.

7. புறனடை

முதல் நான்கு வகையுள் எதுவாயினும், கயிறு கோத்து மணிக்கட்டிற் கட்டப்பெறாத கருவி வீழ்வனவற்றுள் வைத்தே எண்ணப்படும். மாணாக்க, இதனை ஏட்டில் எழுதிக்கொள். நாளை வருகையில் இருமுழக் கயிறும் கொண்டு வருக.