எழுதுவது நிப், இழுப்பது மரம்

கேள்வி: எழுதுவது என்னவோ நிப்தான். அப்புறம் மரத்தில் செய்த மைப் பேனாவுக்கு ஏன் இத்தனை மவுசு?

பதில்: சாப்பிடுவதும் வாய்தான். ஆனாலும் வாழை இலையைக் கண்டால் பசி கூடுகிறதே! நிப் தொடுவது தாளை; பேனாவின் உடல் சாய்ந்து கிடப்பது நம் கையில். உலோகம் கைச்சூட்டை உறிஞ்சிச் சில்லிடும். மரம் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அதனால் எடுத்த கணமே இதம்.

ஜப்பானின் பைலட் நிறுவனம் மேப்பிள் மரத்தில் பேனா செய்திருக்கிறது. எனக்குப் பிடித்தது பிளாட்டினம் நிறுவனத்தின் பிரையர் பேனா. ஃபியூஜி மலையின் உயரமான 3776 மீட்டரைப் பெயராகக் கொண்ட வரிசையைச் சேர்ந்தது அது. பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரப் புதர் ஒன்றின் வேர்முண்டு. புகைக்குழாய் செய்பவர்கள் தேடி அலைவதும் இதைத்தான். முண்டை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில் பொறுமையாக உலர்த்துவார்கள். அவசரப்பட்டால் வெடித்துவிடும். அதன் ரேகைகள் சுழன்று சுழன்று ஓடும். ஒன்றைப்போல் இன்னொன்று அமையாது. இரவல் வாங்கிப் போனவர் "இது என்னுடையது" என்று சாதிக்கவே முடியாது! கை பட்டுப் பட்டு அது மெருகேறும் அழகு பிளாஸ்டிக்குக்கு வாய்க்காது.

மை மரத்தைத் தொடுவதில்லை. உள்ளே மைக்குழாய் தனி. நிப்பைத் தாங்கும் கழுத்தும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். ஆகவே, கழுவும்போது கழுத்தை மட்டும் கழற்றிக் கழுவுங்கள். மரத்தைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். உப்பி விரிசல் விடும்.