தானம் கொடுத்த மாட்டின் பல்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். திறமூல உலகில் பல்லை மட்டுமல்ல, மாட்டின் பாட்டி எந்தத் தொழுவத்தில் கட்டிக் கிடந்தாள் என்பதையும் விசாரிப்பார்கள்.

எழுதி வைத்திருக்கும் நிரலை அப்பாச்சி அறக்கட்டளைக்கு இனாமாகக் கொடுக்கப் போனால் 'மென்பொருள் கொடை ஒப்பந்தம்' நீட்டப்படும். கொடுக்கிற உரிமை உமக்கு உண்டா, உம் காப்புரிமையைக் காட்டிப் பின்னால் வில்லங்கம் பண்ண மாட்டீரா என்றெல்லாம் உறுதிசொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். 2011இல் ஓப்பன் ஆபீஸை வேண்டாமென்று தள்ளிவிட்ட ஆரக்கிளும் இந்தச் சடங்கைச் செய்துவிட்டுத்தான் கைகழுவியது.

ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியின் வீட்டில் ஆசாரம் இன்னும் கூடுதல். சுமார் 15 வரி வரை பிரசாதம் மாதிரி வாங்கிக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் கிரயப் பத்திரம்தான்: பதிப்புரிமையையே எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் சம்பளக்காரர் என்றால், 'இதில் எனக்குப் பாத்தியதை இல்லை' என்று முதலாளியிடமும் ஒரு தாள் வாங்கி வரச் சொல்வார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து எழுதியதற்கு!

லினக்ஸ்காரர்கள் பரவாயில்லை. 2003இல் ஸ்கோ நிறுவனம், தன் சரக்கை லினக்ஸுக்குள் நுழைத்துவிட்டதாக ஐபிஎம் மீது வழக்குப் போட்டதும் கொஞ்சம் மிரண்டு, மறு ஆண்டு ஒற்றை வரி உறுதிமொழியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

டெராஃபார்ம் மென்பொருளுக்குப் பங்களித்தவர்களும் ஒப்பந்தத்தில் பவ்யமாகக் கையெழுத்திட்டவர்கள்தான். 2023 ஆகஸ்டில் அதை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் உரிமத்தையே திறமூலமல்லாததாக மாற்றியபோதுதான் சிலர் அந்தத் தாளை முதன்முறையாகப் படித்திருப்பார்கள். மனம் கசந்தவர்கள் பழைய நிரலைத் தூக்கிக்கொண்டு 'ஓப்பன்டோஃபு' என்று தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.