தேசிய நீர்வழி எண் 107-இல் இரண்டு டிக்கெட்

அனுப்புநர்: செல்லூர்க்காரன் ஒருவன், சம்சாரத்துடன், வைகை வடகரை, மதுரை.

பெறுநர்: தலைவர் அவர்கள், இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம், நொய்டா.

பொருள்: அணைப்பட்டி – விரகனூர் உல்லாசக் கப்பலில் தம்பதியர் அறை ஒன்று ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தேசிய நீர்வழிகள் சட்டம் 2016, அட்டவணை, வரிசை எண் 107.

ஐயா,

'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் தொடங்கினேன். நொய்டாவுக்குப் போகிற மனுவில் அப்படியெல்லாம் எழுதக்கூடாது என்று பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எல்லாம் என் மச்சானால் வந்த வினை. அவரும் அவர் வீட்டம்மாவும் மகன் புண்ணியத்தில் மத்தியதரைக் கடலில் ஏழு நாள் கப்பலில் சுற்றிவிட்டு வந்தார்கள். பார்சிலோனாவில் ஏறி, மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ். ராத்திரியெல்லாம் கப்பல் ஓடுமாம், விடிந்தால் ஏதோ ஓர் ஊர் வாசலில் நிற்குமாம். இறங்கி கோயில், கோட்டை, கடைத்தெரு பார்த்துவிட்டு, பொழுது சாய ஏறிக்கொள்ள வேண்டியதுதான். தினமும் வாட்ஸப்பில் படம் வரும். மச்சான் தலையில் ஓலைத்தொப்பி, மதினி கையில் குட்டிக் குடை செருகிய ஜூஸ், படத்துக்குக் கீழே 'செம வெயில்!' என்று ஒரு வரி. மேலமாசி வீதியில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நடந்தால் சும்மாவே கிடைக்கிற சரக்கை, லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியிருக்கிறார் மனுஷன். அதுவும் மதுரைக்காரர்.

அன்று ராத்திரியே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"ஏங்க, நம்மளும் ஒருதடவ கப்பல்ல போவமா?"

"நம்ம ஊருல கடல் இல்லையே தாயி."

"கடலா கேட்டேன்? கப்பல்தான கேட்டேன்."

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் தங்களிடம் இருக்கிறது என்பதைத் தேடித் துருவிக் கண்டுபிடித்தேன். 2016-ஆம் வருஷச் சட்டத்தின்படி நாட்டில் 111 தேசிய நீர்வழிகள். முன்பே இருந்த ஐந்தோடு புதிதாக 106 சேர்த்திருக்கிறீர்கள். அதில் 107-ஆவது எங்கள் வைகை. திண்டுக்கல் மாவட்டம் அணைப்பட்டியில் தொடங்கி, மதுரையைத் தாண்டி விரகனூர் வரை 46 கிலோமீட்டர். நாடாளுமன்றம் கூடி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டு, கெஜட்டிலும் ஏறிவிட்டது. கங்கைக்கு எண் 1, எங்களுக்கு 107. வரிசையில் பின்னால் நிற்கிறோமே தவிர, நிற்பது ஒரே வரிசைதான்.

இதை வீட்டில் படித்துக் காட்டினேன். சம்சாரம் கேட்ட முதல் கேள்வி: "அப்ப டிக்கெட் எங்க குடுக்குறாக?" அதற்காகத்தான் இந்த மனு.

நீரும் கப்பலும் எங்களுக்குப் புதுசு என்று நினைத்துவிட வேண்டாம். மீனாட்சியின் தாயார் காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை வந்தபோது, மாப்பிள்ளை சொக்கநாதர் ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்தார் என்பது திருவிளையாடல் கதை. புது மண்டபத்துக்குப் பக்கத்தில் எழுகடல் தெரு என்று இன்றைக்கும் இருக்கிறது. கடல்களைக் காணோம், கடைகள் இருக்கின்றன. மாமியார் கேட்டதற்கே ஏழு கடல் வந்த ஊரில், பெண்டாட்டி கேட்டதற்கு ஒரு கப்பல் வரக்கூடாதா?

நவீன காலத்துக்கு வந்தால், சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டத்தை 2005 ஜூலை 2-ஆம் தேதி பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தது எங்கே தெரியுமா? ராமேசுவரத்தில் இல்லை, தூத்துக்குடியில் இல்லை. மதுரையில்! 2,427 கோடி ரூபாய் மதிப்பில் கடலுக்குள் கால்வாய் தோண்டுகிற வேலைக்கு, கடற்கரையே இல்லாத ஊரில் விழா எடுத்தார்கள். அந்தக் கால்வாயில் இன்று வரை கப்பல் ஓடவில்லை என்பது வேறு விஷயம். அதற்கு மதுரை பொறுப்பாகாது. நாங்கள் கைதட்ட மட்டுமே கூப்பிடப்பட்டோம், குறைவில்லாமல் தட்டினோம்.

பிறகு 2017 ஏப்ரல். வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் காக்க, அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். எங்கள் செல்லூர்க்காரர் என்ற உரிமையோடு சொல்கிறேன். காற்று கொஞ்சம் வேகமாக அடித்ததும் அட்டைகள் கரைக்கே திரும்பிவிட்டன. நாடே சிரித்தது. ஏறின கரைக்கே பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதைத்தான் மச்சான் போன கப்பலில் 'ரவுண்ட் டிரிப்' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். அவரைப் பார்த்து யாராவது சிரித்தார்களா?

இனி பயணத் திட்டம். தங்கள் அதிகாரிகளுக்குச் சிரமம் வைக்க வேண்டாமென்று நானே போட்டுவிட்டேன்.

அணைப்பட்டியில் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டுக் கப்பல் ஏறுவது. இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பக்கத்தில்தான் பேரணை. 1895-இல் பென்னிகுவிக் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்ட தண்ணீர், வைகை அணையில் தங்கி, ஆற்றோடு வந்து, சரியாக இந்தப் பேரணையில்தான் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குள் திரும்பி வயல்களுக்குப் போகிறது. அதாவது, நீர் ஆற்றிடம் விடைபெறுகிற இடத்தில் தங்கள் நீர்வழி தொடங்குகிறது. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த அதிகாரியை நேரில் பார்க்க ஆசை. உழவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசிதான் என் வீட்டிலும் உலையில் கிடக்கிறது. ஆற்றில் தண்ணீர் வேண்டும் என்று ஒரு துறையும், வயலில் வேண்டும் என்று இன்னொரு துறையும் கேட்டால், மூன்றாவதாக நீர்வழித்துறைக்கு என்ன மிஞ்சும்? வழி மிஞ்சும். அது மட்டும் ஏராளமாக இருக்கிறது, மணலோடும் கருவேல முள்ளோடும்.

முதல் துறைமுகம் சோழவந்தான். ஐரோப்பாவில் திராட்சைத் தோட்டம் காட்டுகிறார்களாம். நாங்கள் கொடிக்கால் காட்டுவோம். புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை. மதினி போட்ட ஜூஸ் படத்துக்குப் பதிலாக, என் வீட்டம்மா சிவந்த நாக்கோடு ஒரு படம் போடுவாள்.

அடுத்தது திருவேடகம். திருஞானசம்பந்தர் புனல் வாதத்தில் விட்ட ஏடு, வெள்ளத்தை எதிர்த்து மேலேறிப் போய் ஒதுங்கிய தலம். வைகையில் ஆற்றோட்டத்துக்கு எதிராகப் போனதாகப் பதிவில் உள்ள ஒரே ஊர்தி அதுதான் என்று நினைக்கிறேன். எரிபொருள் செலவு ஒரு பதிகம்.

அங்கிருந்து தேனூர். அழகர் முன்பெல்லாம் இங்கேதான் ஆற்றில் இறங்கினார், திருமலை நாயக்கர்தான் மதுரைக்கு மாற்றினார் என்பார்கள். கூட்டம் எங்கே அதிகமோ அங்கே துறைமுகத்தை மாற்றுவது அன்றைக்கே நடந்திருக்கிறது. அழகர்மலையிலிருந்து அவர் மதுரைக்கு வருகிற வருகையே நானூறுக்கு மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று நின்று வருவதுதான். எங்களுக்கு இதை பார்சிலோனாக்காரன் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் கோச்சடை, ஆரப்பாளையம். ஆரப்பாளையத்தில் கப்பல் நிற்க ஏற்பாடு செய்தால், பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருப்பதால் தேனிப் பக்கத்துப் பயணிகளுக்கு வசதி. பின்பு சிம்மக்கல், யானைக்கல், 1889-இல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலம். நாங்கள் ஏ.வி. பாலம் என்போம். பாலத்துக்கு அடியில் புகுந்து போகும்போது பயணிகள் தலையைக் குனிய வேண்டியதில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆற்றுக்குள் தடுப்பணை கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் தேங்கி நிற்பதில் பாதி, மேல்நாட்டுக் கப்பல்களில் தனித் தொட்டியில் பூட்டி வைக்க வேண்டிய வகை. எங்கள் ஊரில் பயணிகள் ஏறும் முன்பே அது ஏறிவிட்டது.

இந்த இடத்தில் தம்பதியருக்கான சிறப்பு நிகழ்ச்சி ஒன்று வையுங்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைத் துறையில் குதிரை முகம், யானை முகம், சிங்க முகம் வைத்த ஓடங்கள் ஓடுகின்றன. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு வந்து, அவற்றில் ஏறாமல் மரப்புணை ஒன்றில் ஆற்றைக் கடக்கிறார்கள். புருஷன், பெண்டாட்டி, கூடவே ஒரு வழிகாட்டி, இறங்கியதும் ஊர் சுற்றிப் பார்ப்பது, கடைசியில் கடைத்தெரு. முழு பேக்கேஜ். அவர்களுக்கு வரப்போவதை முன்பே அறிந்த வைகை, பூக்களால் போர்த்திக்கொண்டு தன் கண்ணீரை மறைத்தாள் என்கிறார் இளங்கோ. இப்போது ஆகாயத்தாமரையால் போர்த்திக்கொண்டிருக்கிறாள். எதை மறைக்கிறாள் என்பது காற்று திரும்பினால் தெரியும்.

இந்தக் கதையைச் சொன்னதும் சம்சாரம் ஒரு நிபந்தனை போட்டாள். "வாரேன். ஆனா கரையில எறங்குனதும் கொலுசக் கழட்டிக் குடு, வித்துட்டு வாரேன்னு கெளம்பக்கூடாது." இதைப் பயண ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளவும்.

கடைசிக்கு முந்தைய நிறுத்தம் வண்டியூர் தெப்பக்குளம். இங்கே தைமாதத் தெப்பத் திருவிழாவில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் அமர்ந்து மைய மண்டபத்தைச் சுற்றி வருகிறார்கள். கரையில் நின்று வடம் பிடித்து இழுக்கிறார்கள். மாலுமி இல்லை, எஞ்சின் இல்லை, டீசல் புகை இல்லை. திருமலை நாயக்கர் காலத்திலிருந்து நடக்கிற தம்பதியர் உல்லாசப் பயணம் இது. அவர் சட்டம் போடவில்லை, எண் கொடுக்கவில்லை. முதலில் குளத்தை வெட்டினார், பிறகு தண்ணீரை விட்டார், அதற்கப்புறம்தான் தெப்பம். இந்த வரிசையைத் தங்கள் பொறியாளர்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்துக்கொண்டு போகலாம். நான் டீ வாங்கித் தருகிறேன்.

விரகனூர் மதகணையில் கப்பல் நின்றுவிடட்டும். கடல் வரைக்கும் விடச் சொல்லி நாங்கள் அடம்பிடிக்கமாட்டோம். வைகைக்கே அந்தப் பழக்கம் குறைவு. ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அநேகமாக ஆற்றின் கதை முடிந்துவிடும். சிவனுக்கு நஞ்சைக் கொடுத்த கடலோடு சேரமாட்டேன் என்று வைகை கோபித்துக்கொண்டதாகப் பழைய புலவர் ஒருவர் பாடி வைத்திருக்கிறார். தண்ணீர்ப் பற்றாக்குறையைக் கொள்கைப் பிடிப்பாகக் காட்டிய அந்தப் புலவர் இன்றைக்கு இருந்திருந்தால் தங்கள் ஆணையத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியாக இருந்திருப்பார்.

வடக்கே 2023 ஜனவரி 13-ஆம் தேதி வாரணாசியிலிருந்து 'கங்கா விலாஸ்' புறப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பிரதமர் கொடியசைத்தார். 51 நாள், 27 ஆறுகள், 3,200 கிலோமீட்டர், முதல் பயணத்தில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் 32 பேர். வழியில் சாப்ராவில் ஆழம் போதாமல் நின்றுவிட்டது என்று ஒரு செய்தி, இல்லவே இல்லை என்று தங்கள் தரப்பில் மறுப்பு. நம்புகிறேன். எங்கள் கப்பலுக்கு அந்தத் தொல்லையே வராது. ஓடுகிற கப்பல்தானே நிற்க முடியும்?

புதிய நீர்வழிகளில் பலவற்றில் கப்பல் விடச் சாத்தியமில்லை என்று பின்னால் ஆய்வு செய்து தாங்களே கண்டதாகப் படித்தேன். பெயர் சூட்டிவிட்டு அப்புறம் பிள்ளை பிறந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. டெல்லிப் பக்கம் இருக்கலாம். அதற்காக எங்கள் எண்ணைப் பிடுங்கிவிட வேண்டாம். தோப்பூரில் 2019-இல் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டிய பிறகு காத்திருப்பதில் எங்களுக்கு நல்ல பயிற்சி இருக்கிறது.

எங்கள் கோரிக்கை எளிது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் இறங்க வைகை அணையிலிருந்து தண்ணீர் திறப்பார்கள். வறண்ட வருஷங்களில் ஆற்றுக்குள்ளேயே தொட்டி கட்டி நிரப்பியதும் உண்டு. அந்த இரண்டு மூன்று நாளுக்குள் எங்கள் பயணத்தை வைத்துவிடுங்கள். தொட்டிதான் என்றாலும் சம்மதம், ஒரு சுற்று போதும். அறையில் ஏ.சி. வேண்டாம். ஜன்னல் வேண்டும். உணவில் கறிதோசையும் பருத்திப்பாலும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் 107-ஆம் எண் நீர்வழியின் கரைவாசி.

பின்குறிப்பு: மனுவைத் தபாலில் சேர்க்கப் போகும் வழியில் இருவரும் ஏ.வி. பாலத்தில் நின்று நீர்வழியைப் பார்வையிட்டோம். நட்ட நடு ஆற்றில் ஒரு கொக்கு, முட்டிகூட நனையாமல், நிதானமாகக் கிழக்கே நடந்து போய்க்கொண்டிருந்தது. பெரிய கப்பலுக்கு முன்னால் ஆழம் பார்த்து வழிகாட்ட ஒரு படகு போகும் என்று மச்சான் சொல்லியிருந்தார். சம்சாரம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, வழிகாட்டி போயிருச்சு. கப்பல் பின்னாடி வருதா?"