தளம் படுத்தால்…

கடை இணையதளத்தில் நேற்று ஒரு பிளகினை அப்டேட் செய்தேன். இன்று வெறும் வெள்ளைத் திரை. கடையை மூட வேண்டியதுதானா?
*– வாசகர், ஈரோடு*

கடையை எதற்கு மூடுகிறீர்கள்? பிளகினை மூடுங்கள்! வேர்ட்பிரஸ் தளம் என்றால் முதலில் அட்மின் மின்னஞ்சலைப் பாருங்கள். 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, மக்கர் செய்த பிளகின் எது என்று வேர்ட்பிரஸே எழுதி, உள்ளே நுழைய ஒரு லிங்க்கும் அனுப்பும். மெயில் வரவில்லையா? ஹோஸ்டிங் கணக்கின் ஃபைல் மேனேஜரில் 'பிளகின்ஸ்' ஃபோல்டரைத் திறந்து, அந்தப் பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். பெயர் மாறினால் அதன் வேலை நின்றுவிடும், தளம் எழுந்துவிடும்.

யாரோ எழுதிய குட்டி நிரல், பெரிய பெரிய மென்பொருளையே சாய்க்குமா?
*– வாசகி, நாகர்கோவில்*

11 வரி போதும்! 2016 மார்ச் 22 அன்று 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி நிரலை, அதை எழுதியவரே என்பிஎம் என்ற பொது நிரல் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த 'பேபல்' போன்ற பிரபல மென்பொருளைக்கூட நிறுவ முடியாமல் உலகெங்கும் புரோகிராமர்கள் திண்டாடினார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் நிரலைத் திரும்ப வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

தளம் படுத்திருக்கும்போது வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது?
*– வாசகர், தஞ்சாவூர்*

உண்மையை, உடனே! என்ன ஆயிற்று, தளம் சரியாகும்வரை ஆர்டருக்கு எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போடுங்கள். காத்திருக்கச் சொன்னால் காத்திருப்பார்கள். சொல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போவார்கள்.

இந்தச் சிக்கல் மறுபடி வராமலிருக்க?
*– வாசகி, மதுரை*

பேக்கப் எடுக்காமல் அப்டேட் பட்டனில் கை வைக்காதீர்கள். முதலில் நகல் தளத்தில் சோதியுங்கள். பயன்படுத்தாத பிளகினை இன்றே நீக்குங்கள்.