அக்னித் தலத்தில் தரைச்சூடும் குழாயழுத்தமும்: ஓர் ஆய்வு

தரைக்கடியில் குழாய் புதைத்து, அதில் வெந்நீரைச் சுற்றவிட்டு வீட்டைக் கதகதப்பாக வைப்பது தரைச்சூட்டு அமைப்பு. குளிர்நாட்டார் இதற்காகக் கொதிகலன், பம்பு, அழுத்தமானி, விரிவுத் தொட்டி என்று பெருஞ்செலவு செய்கிறார்கள். மனிதர் நடமாடும் தரை 29 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பியத் தரநிலை வரம்பு கட்டியிருக்கிறது. பஞ்சபூதத் தலங்களுள் அக்னிக்குரிய திருவண்ணாமலையில், சித்திரை மாதத்து மொட்டைமாடி காலைப் பலகாரம் முடிவதற்குள் இவ்வரம்பைக் கடந்துவிடும். கொதிகலன் இல்லை, மின்கட்டணம் இல்லை, அணைக்கும் வசதியும் இல்லை. பகலில் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் சில மணி நேரம் தாமதித்தே கீழே இறக்குவதால், மேல்தளத்தில் படுப்பவருக்கு அது ராத்திரியில்தான் முழுதாக வந்து சேர்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பகலில் வெறுங்காலுடன் சுற்றுவோர் இவ்வமைப்பின் வெளிப்புறக் கிளையை நேரில் அறிவர்.

ஆக, சூட்டில் குறை சொல்ல ஏதுமில்லை. குறையெல்லாம் அழுத்தத்தில். மூடிய சுற்றாக ஓடும் ஐரோப்பிய வீட்டமைப்பில் வழக்கமாக ஒன்று முதல் ஒன்றரை பார் அழுத்தம் நிற்கும். முள் இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது விரிவுத் தொட்டியில் காற்று போய்விட்டது. திருவண்ணாமலை வீட்டில் அழுத்தம் தருவது மாடித் தொட்டியின் உயரம் மட்டுமே. பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பார். குளியலறைக் குழாய்க்கு மூன்று மீட்டர் மேலே தொட்டி இருந்தால் 0.3 பார்தான். 500 லிட்டர் தொட்டியை மாற்றி 1000 லிட்டர் வைத்தால் வேகம் கூடும் என்று நம்புவோர் உண்டு. கொள்ளளவுக்கும் அழுத்தத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அண்ணாமலையார் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி. அவ்வளவு உயரத்தில் ஒரு தொட்டி அமையுமானால் அடியிலுள்ள குழாய்க்கு ஆறரை பார் கிடைக்கும். வீட்டுக் குழாயின் பழைய ஒட்டுகள் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

கோளாறு காணச் சைவ சித்தாந்தம் ஏற்கும் மூன்று அளவைகளே போதும்: காண்டல், கருதல், உரை. காண்டல் என்பது மாடியேறித் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பது. மோட்டார் போட மறந்த வீடுகளில் ஆய்வு இத்துடன் முடிந்துவிடும். படியேறச் சோம்பி அடுத்த அளவைக்குத் தாவுவோரே அதிகம்.

கருதல் நுட்பமானது. சமையலறையில் நன்றாக வந்து குளியலறையில் மட்டும் நூலாக ஒழுகினால், தொட்டியும் மெயின் குழாயும் குற்றமற்றவை. ஷவர் துளைகளில் போர் தண்ணீரின் உப்பு படிந்திருக்கிறது. கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட வேண்டும். எல்லா இடத்திலும் நூலென்றால் கேட் வால்வைச் சந்தேகிக்க வேண்டும்: கைப்பிடி சுற்றும், உள்ளே தகடு அசையாது. தொட்டி ஒருமுறை வற்றி நிரம்பிய பின் தண்ணீர் விட்டுவிட்டுச் சீறி வந்தால் காற்றடைப்பு. ஏறி இறங்கும் குழாயின் மேட்டில் காற்று தங்கிவிடுகிறது. கீழ்த்தளக் குழாய்களையெல்லாம் ஒருசேரத் திறந்துவிட்டால் பெரும்பாலும் வெளியேறும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஏர் பைப் வைத்த வீடுகளுக்கு இத்தொல்லை அரிது.

உரை என்பது பிளம்பர் வாக்கு. வீட்டைப் பார்க்காமலே போனில் அருளப்படுவது இது. “காத்து அடைச்சிருக்கும் சார், நாளைக்கு வந்து பாக்கறேன்” என்பதில் முற்பகுதி பலமுறை மெய்யாகியிருக்கிறது.

மூன்றுக்கும் அகப்படாதது பௌர்ணமி. கிரிவலம் முடித்தவர்கள் விடுதிக்குத் திரும்பி ஏறக்குறைய ஒரே வேளையில் காலில் தண்ணீர் விடுகிறார்கள். ஓட்டம் கூடக்கூடக் குழாயின் உராய்வே அழுத்தத்தைத் தின்றுவிடும். மேல்மாடி அறைதான் முதலில் வறளும். இது கோளாறு அல்ல, பங்கீடு. தொட்டிக்குக் கீழே பிரஷர் பம்பு மாட்டலாம். தொட்டி அத்தனை சீக்கிரம் காலியாகும், தண்ணீரின்றி ஓடிய பம்பின் சீலும் கெடும். தெருக்குழாய் இணைப்பிலேயே மோட்டாரை வைத்து உறிஞ்சுவது தடைசெய்யப்பட்டது. அதன் விளைவு அடுத்த வீட்டுக் குழாயில் தெரியும் என்பதால், அது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது.